கூடாரமும் நாமும்

தவணைப் பரீட்சை முடிந்து விடுமுறை தொடங்கியதும் ஆசிரியர்களுட் பலர் வீட்டிலே ஆறுதலாக இருக்க விரும்புவர். நாமோ அலுமாரிக்கு மேலே சுருட்டி வைத்த கூடாரத் துணியை இறக்கி, முற்றத்திலே விரித்து வெயிலிற் காயவிடுவோம். அதனைக் கண்டதும் அயலிலுள்ளோர், "மாஸ்ரர், இந்தமுறை எந்தக் காடு?" என்று வேலிக்கு மேலால் விசாரிப்பது வழக்கமாகிவிட்டது. கட்டிலும் மின்விசிறியும் உள்ள வீட்டை விட்டு மண்ணிலே படுக்கப் போகும் மனிதனிடம் ஏதோ ஒரு குறை இருத்தல் வேண்டுமென எண்ணுவோரும் உளர். நாற்பது வயதைக் கடந்த ஒரு கல்லூரி ஆசிரியருக்கு இது தகுமா என்று எமது இல்லாளின் உறவினர் ஒருவர் நேராகவே வினவினார். அவருக்குச் சொல்ல வேண்டிய விடை சற்று நீளமானது. அதனை வாசகர்களுக்கும் சேர்த்து இங்கே கூற முற்படுகின்றோம்.

காவற்பரணிலே தொடங்கிய காதல்

இப்பழக்கம் எம்மைப் பற்றியது சாரணர் இயக்கத்தாலன்று, நெல்வயலால். எமது பெரியதந்தையாருக்கு வன்னியிலே, இரணைமடுக் குளத்து நீர் பாயும் பகுதியில், சில ஏக்கர் வயல் இருந்தது. தை மாதத்திலே கதிர் முற்றி நிற்கும் வேளையிற் பன்றியும் யானையும் இறங்காவண்ணம் இரவெல்லாம் காவல் இருத்தல் வேண்டும். எமக்கு ஏழெட்டு வயதிருக்கும்போது அவர் எம்மையும் அழைத்துச் சென்றார்.

நான்கு மரக்கால்களின் மேல் தடிகளைப் பரப்பி, கிடுகினால் ஒரு சிறு கூரை போட்ட பரண் அது. ஏறுவதற்கு ஓர் ஏணி. கீழே மூட்டிய தீ விடியுமட்டும் அணையாது. பன்றியின் உறுமல் கேட்டால் தகரத்தைத் தட்டுவோம். யானையின் அரவம் கேட்டாற் பெரியதந்தையார் பந்தத்தைக் கொளுத்திக் கூக்குரல் இடுவார். இடையிடையே பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறுந்தேநீர் குடிப்போம். உறக்கம் வரும் வேளையில் அவர் வானத்தைக் காட்டுவார்.

முன்னிரவிலே தலைக்கு நேரே செந்நிறமாய் ஒளிர்வது திருவாதிரை. அதற்கு மேற்கே மிருகசீரிடம், பின்னர் ரோகிணி, அப்பால் ஒரு சிறு கொத்தாகக் கார்த்திகை. தெற்கே தாழ்வாக, தனித்து மின்னுவது அகத்தியர் மீன். பஞ்சாங்கத்திலே வெறும் பெயர்களாக நாம் கேட்டவை வானத்திலே இடங்களாக மாறின. பாடசாலையிற் கற்ற எத்தனையோ பாடங்கள் மறந்து போயின. அந்தப் பாடம் மறக்கவில்லை.

இருளைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை என்பதையும் அங்கேதான் கற்றோம். இருட்டிலே கேட்கும் ஒவ்வோர் ஒலிக்கும் ஒரு சொந்தக்காரன் உண்டு. இது ஆந்தை, இது தவளை, இது காய்ந்த சருகின் மேல் ஓடும் உடும்பு என்று பெயர் தெரிந்துவிட்டால் அச்சம் அறிவாக மாறிவிடுகின்றது.

ஒரு சொல்லுக்கு நேர்ந்த கதி

'முகாம்' என்னுஞ் சொல் அரபு மொழியிலே பிறந்து இந்துஸ்தானி வழியாக எம்மிடம் வந்தது. தங்குமிடம் என்பதே அதன் பொருள். ஊர்சுற்றி வரும் அதிகாரி ஓரூரிலே முகாமிட்டார் என்றால், அங்கே இரண்டொரு நாள் தங்கினார் என்று கொள்வர். தங்குபவர் மீண்டும் புறப்படுவார் என்பது அச்சொல்லின் உள்ளேயே அடங்கியிருந்தது.

எமது நாட்டுத் தமிழரிடையே அச்சொல் முப்பது ஆண்டுகளில் உருமாறிப் போயிற்று. இன்று முகாம் என்றாற் பலருக்கு இராணுவ முகாம் நினைவுக்கு வரும். அன்றேல் அகதி முகாம் நினைவுக்கு வரும். 1995 ஒக்டோபர் 30 ஆம் நாள் இரவு வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் வீடுகளை விட்டு, மழையிலே நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்கு நடந்தனர். நாமும் அக்கூட்டத்தில் ஒரு பதின்பருவத்துச் சிறுவனாக நடந்தோம். பின்னர்ப் பல மாதங்கள் ஒரு மாமரத்தின் கீழே, படங்கு ஒன்றைக் கூரையாகக் கட்டி எமது குடும்பம் வாழ்ந்தது. 2004 டிசம்பர் 26 இன் கடற்கோள் கிழக்கிலும் வடக்கிலும் கரையோர மக்களைக் கூடாரங்களுக்கு அனுப்பிற்று. 2009 இற் செட்டிகுளத்து மெனிக் பாமிலே இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வரிசை வரிசையான கூடாரங்களுள் அடைபட்டிருந்தனர். அம்முகாம் 2012 செப்டெம்பரிலேயே மூடப்பட்டது. அவ்விடத்திலே கைக்குழந்தைகளாக இருந்தோர் இன்று கல்லூரிகளின் மேல்வகுப்பு மாணவர்கள்.

மாமரத்தின் கீழே படுத்த நாள்களில் நாம் கண்ட விந்தை ஒன்றுண்டு. வானம் பரணிலிருந்து பார்த்த அதே வானம். திருவாதிரையும் அதே திருவாதிரை. மண்ணின் குளிர்ச்சியும் வேறன்று. ஆயினும் மகிழ்ச்சி இல்லை. ஏன் என்று அக்காலத்தில் எமக்கு விளங்கவில்லை. இன்று விளங்குகின்றது. பரணை விட்டு எப்போது இறங்குவோம் என்பது எமக்குத் தெரியும். அறுவடை முடிந்தால் வீடு. படங்கை எப்போது அவிழ்ப்போம் என்பது தெரியாது. அதனைத் தீர்மானிப்பவர் நாமல்லர். விரும்பித் தங்குவதற்கும் துரத்தப்பட்டுத் தங்குவதற்கும் இடையே உள்ள வேறுபாடு துணியிலோ தரையிலோ இல்லை; கயிற்றை அவிழ்க்கும் உரிமை யார் கையில் இருக்கின்றது என்பதிலேயே இருக்கின்றது.

பாசறை அயலவர் சொத்தா?

கூடாரமிட்டு வெளியிலே தங்குதல் மேல்நாட்டார் பொழுதுபோக்கு என்று சொல்வாருண்டு. இன்றைய முறையிலே அதனைப் பள்ளிச் சிறுவர்க்கு வகுத்தளித்தவர் பேடன் பவல் என்னும் ஆங்கிலப் படைத்தலைவர் என்பது மெய்யே. 1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரவுன்சீத் தீவிலே ஏறத்தாழ இருபது சிறுவர்களைக் கூட்டி அவர் நடத்திய பாசறையே சாரணியத்தின் வித்து. செல்வர் வீட்டுப் பிள்ளைகளையும் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளையும் ஒரே கூடாரத்திற் கலந்து படுக்க வைத்தமை அப்பாசறையின் பெருஞ்சிறப்பு. ஐந்தாண்டுகளுக்குள், 1912 இல், அவ்வியக்கம் மாத்தளையிலே காலூன்றி இலங்கையெங்கும் பரவிற்று.

ஆனால் நாம் அதற்கு 'பாசறை' என்று பெயரிட்டோமே, அச்சொல் எங்கிருந்து வந்தது? பத்துப்பாட்டுள் ஒன்றாகிய முல்லைப்பாட்டினைக் கற்றோர் அறிவர். காட்டைத் திருத்தி, முள்வேலியிட்டு, தெருக்களோடு அமைத்த படைவீடு. விளக்குகளுக்கு நெய்வார்க்கும் மகளிர். நாழிகை வட்டிலைப் பார்த்துப் பொழுது அறிவிப்போர். நடுவே, புண்பட்ட யானைகளையும் வீரரையும் நினைந்து உறக்கமற்றிருக்கும் அரசன். நூற்று மூன்று அடிகளே கொண்ட அச்சிறு பாட்டு, ஒரு பாசறையின் இரவை இன்றும் எம் கண்முன் நிறுத்துகின்றது. குறிஞ்சிப் பாடல்களில் தினைப்புனங் காக்கும் பரண் வருகின்றது. எமது பெரியதந்தையார் அப்பாடல்களைக் கற்றவரல்லர். ஆயினும் அதே பரணிலேயே அவரும் இருந்தார்.

நூல்களை விட்டு நாட்டைப் பார்ப்போம். பருவக்காற்று மாறும்போது கரை மாறித் தொழில் செய்யும் கடற்றொழிலாளர் மணலிலே வாடி அமைத்து மாதக்கணக்கில் வாழ்கின்றனர். தொண்டைமானாற்றுச் செல்வச் சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்குக் கால்நடையாகப் புறப்படும் அடியார்கள், கிழக்குக் கரை வழியே ஏறத்தாழ இரண்டு மாதங்கள் நடந்து, உகந்தைக்கு அப்பால் குமண, யால வனங்களினூடே செல்கின்றனர். குமுக்கன் ஆற்றங்கரையிலே மரங்களின் கீழ் அவர்கள் உறங்குவதைப் பார்த்தவர் எவரும் கூடாரவாழ்வு எமக்கு அந்நியமானது என்று சொல்லமாட்டார். பாட்டியர் முதற் பேரப்பிள்ளைகள் வரை ஒரே அடுப்பில் ஆக்கி உண்டு, ஒரே பாயிற் படுத்து, விடியுமுன் எழுந்து நடப்பர்.

மலையிலே விளைந்த உப்பு

கல்லூரியிற் பணியேற்ற நாள்தொட்டு ஆண்டுதோறும் மாணவர்களைப் பாசறைக்கு அழைத்துச் செல்கின்றோம். பெரும்பாலும் வடமராட்சி கிழக்கின் மணற்காட்டுப் பக்கமே செல்வோம். அங்கே மணற்குன்றுகளும் சவுக்கந் தோப்பும் உள்ளன. சவுக்கின் ஊசியிலைகள் மெத்தைபோலப் பரந்திருக்கும். காற்றடிக்கும்போது மரங்கள் எழுப்பும் ஒலியைக் கடலின் ஒலியென்றே மாணவர் மயங்குவர்.

ஒருமுறை, தை மாத முடிவில், உரிய அனுமதி பெற்று ஹோட்டன் சமவெளிக்குச் சென்றோம். ஏழாயிரம் அடி உயரத்துக்கு மேலே பரந்து கிடக்கும் புல்வெளி அது. 1988 இல் தேசிய வனமாக்கப்பட்டது. 2010 இல் மத்திய மலைநாட்டின் ஏனைய காடுகளோடு உலக மரபுரிமைத் தலங்களுள் ஒன்றாயிற்று. மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளுக்கும் அச்சமவெளி நீர் ஊட்டுகின்றது. யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் தம் வாயிலிருந்து புகைபோல மூச்சு வெளிவருவதைக் கண்டு ஒருவரையொருவர் ஊதிப் பார்த்துச் சிரித்தனர். இரவில் மரைகள் கூடாரங்களுக்கு அருகிலேயே மேய்ந்தன.

விடியற்காலையில் மாணவன் ஒருவன் எம்மைத் தட்டியெழுப்பினான். "சேர், வெளியிலை வந்து பாருங்கோ, புல்லெல்லாம் உப்பு விளைஞ்சு கிடக்குது!" அவன் ஆனையிறவு உப்பளத்தைக் கண்டு வளர்ந்தவன், வேறென்ன நினைப்பான்? நாம் வெளியே வருமுன்னரே அவன் அதனைத் தொட்டு நாவிலும் வைத்துப் பார்த்துவிட்டான். அது உறைபனி. முகிலற்ற இரவிலே நிலம் தன் வெப்பத்தை வானத்துக்கு இழந்துவிடுகின்றது. முகில் இருந்தால் அது போர்வைபோல் வெப்பத்தைத் தடுத்து வைக்கும். இதனைப் பூமிசாத்திர வகுப்பிற் பலமுறை கரும்பலகையில் எழுதிக் காட்டியிருக்கின்றோம். அன்று எழுத வேண்டியிருக்கவில்லை.

ஒரு தாயின் வினா

எல்லாப் பெற்றோரும் பிள்ளைகளை மகிழ்ச்சியுடன் அனுப்புவதில்லை. பாம்பு கடிக்கும், நீரில் அமிழ்வான், பரீட்சை வருகின்றது என்று காரணங்கள் பல. அவற்றுக்கெல்லாம் விடை உண்டு. ஆனால் சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு தாயார் கல்லூரிக்கு வந்து, அனுமதிக் கடிதத்தைக் கையெழுத்திடாமலே எம்மிடம் திருப்பித் தந்தார். "சேர், நாங்கள் ரென்ற்றுக்குள்ளை கிடந்தது காணாதே? இவனும் போய்க் கிடக்க வேணுமே?" என்றார்.

எம்மிடம் மறுமொழி இருக்கவில்லை. அவரோடு வாதாடுவது முறையுமன்று. சற்று நேரம் மௌனமாக இருந்தபின், "அம்மா, பாசறை இரண்டு இரவுதான். நீங்கள் விரும்பின நேரம் வந்து பார்க்கலாம், விரும்பின நேரம் பிள்ளையைக் கூட்டிக்கொண்டும் போகலாம்" என்று மட்டும் சொன்னோம். மறுநாள் கையெழுத்திட்ட கடிதம் வந்தது.

பாசறையின் இரண்டாம் நாள் பிற்பகல் அத்தாயார் குழைசாதப் பொட்டலத்துடன் வந்து சேர்ந்தார். வந்த சிறிது நேரத்திற் பங்குனி மாதத்து மழையொன்று எதிர்பாராமற் கொட்டத் தொடங்கிற்று. மேட்டிலிருந்து ஓடிவந்த நீர் கூடாரமொன்றினுட் புகுந்தது. மாணவர் பாய்களைத் தூக்கிக்கொண்டு அங்குமிங்கும் ஓடினர். அத்தாயார் சேலைத் தலைப்பை இடுப்பிற் செருகி, மண்வெட்டி ஒன்றைக் கேட்டு வாங்கினார். "தண்ணி வாற பக்கத்திலைதான் முதல் வெட்ட வேணும், தம்பிமாரே" என்று கூறிக்கொண்டே கூடாரத்தின் மேற்புறமாக ஒரு சிறு வாய்க்கால் வெட்டினார். தொய்ந்திருந்த கயிற்றை அவிழ்த்து, முளையைக் கூடாரத்துக்கு எதிர்ப்புறமாகச் சாய்த்து அறைந்து, மறுபடி இறுக்கிக் கட்டினார். எமது சாரணர்களில் எவனும் அத்துணை விரைவாகவும் செம்மையாகவும் அதனைச் செய்ததில்லை.

"இதெல்லாம் எங்கை அன்ரி பழகினீங்கள்?" என்று ஒரு சிறுவன் வியப்போடு கேட்டான். "செட்டிகுளத்திலை" என்றார். அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. அவருடைய மகன் தன் தாயைப் பார்த்தபடி நின்றான். கைக்குழந்தையாக இருந்த தன்னை மழையிலிருந்து காத்த கைகள் அவை என்பதை அவன் அன்றுதான் அறிந்தானோ, யாமறியோம்.

மழை விட்டபின் தேநீர் குடித்துவிட்டுப் புறப்படும்போது, "நாளைக்கு எத்தினை மணிக்குச் சேர் முடியும்?" என்று கேட்டார். பத்து மணிக்கு என்றோம். "பத்து மணிக்கு" என்று தமக்குள்ளே ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டு போனார். முடிவு நேரம் தெரிந்த ஒரு கூடாரத்தை அவர் அன்றுதான் கண்டிருப்பார். அடுத்த ஆண்டு அவருடைய இளைய மகளும் சாரணியர் பாசறைக்குச் சென்றாள்.

குடும்பத்தோடு செல்ல விரும்புவோர்க்கு

சாரணர் மட்டுமே கூடாரமிட வேண்டுமென்பதில்லை. தாய் தந்தையர் பிள்ளைகளோடு செல்லுதல் அதனினும் நன்று. வடக்கிலும் கிழக்கிலும் வாடைக் காலத்து மழை ஓய்ந்தபின், தை நடுப்பகுதி தொடக்கம் பங்குனி முடியுமட்டும் தக்க காலம். மலைநாட்டுக்கும் தெற்கிலே சிங்கராஜப் பக்கத்துக்கும் செல்வோர் அட்டைக் கடிக்கு உப்பையோ சவர்க்காரத்தையோ உடன்கொண்டு செல்க.

இடந்தெரிதலே முதற்பாடம். ஆற்றுப் படுகை எவ்வளவு அழகாயினும் அதிற் படுக்கலாகாது. எங்கோ மலையிற் பெய்த மழை இரவோடிரவாக வந்துவிடும். தென்னையின் கீழும் பட்ட கிளைகளின் கீழும் கூடாது. யானை செல்லும் தடத்தை ஊராரிடம் கேட்டறிந்து விலகுதல் வேண்டும். வனத்துக்குள் தங்குவதாயின் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதியின்றிச் செல்லற்க. போர் நடந்த நிலங்களிலே, கண்ணிவெடி அகற்றப்பட்டு மக்கள் நடமாடும் இடங்களுக்கு அப்பால் ஓர் அடியும் வைத்தல் ஆகாது. வனங்களிலே மண்ணைக் கிளறுவதும் தவறு. சற்று மேடான இடத்தைத் தெரிந்தால் வாய்க்கால் வெட்ட வேண்டியிராது. குடிநீரைக் கொதிக்க வைத்தே பருகுக. காலையிற் சப்பாத்தை உதறிப் பார்த்தே அணிக. தேள் விருந்தாளியாக இருக்கக்கூடும். தீயை நீரூற்றி அணைத்து, சாம்பலைக் கையாற் தொட்டுப் பார்த்தபின்னரே இடத்தை விட்டகலுக. கொண்டுபோன பிளாஸ்ரிக் அனைத்தையும் திரும்பக் கொண்டுவருக.

பெரும்பொருள் செலவிட வேண்டியதில்லை. கடையிலே விற்கும் விலையுயர்ந்த கூடாரம் எம்மிடமும் நெடுங்காலம் இருக்கவில்லை. ஒரு படங்கு, இரண்டு தடி, ஒரு கட்டுக் கயிறு, நான்கு முளை, சமைக்க ஒரு பானை, இவை போதும். அனைத்தினும் முதன்மையாக, பெண்பிள்ளைகளை வீட்டில் விட்டுச் செல்லாதீர்கள். இருளை அறிந்து அச்சந்தெளிதல் ஆண்பிள்ளைகளுக்கு மட்டும் உரிய கல்வியன்று.

முதல் இரவை உங்கள் சொந்த முற்றத்திலேயே கழிக்கலாம். மின்விளக்குகளை அணைத்துவிடுங்கள், கைத்தொலைபேசியை வீட்டினுள்ளே வைத்துவிடுங்கள். வடக்கு நோக்கி நின்று, கையை முன்னே நீட்டி முட்டியை மடக்கி, அதன் அடியை அடிவானத்தோடு பொருத்துங்கள். முட்டியின் மேல் விளிம்பு காட்டும் உயரத்திலே, அதிக ஒளியின்றித் தனித்து நிற்கும் விண்மீனைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். அதுவே துருவ நட்சத்திரம். யாழ்ப்பாணத்திலே அது அடிவானத்துக்கு மேல் ஒரு முட்டி உயரமே நிற்கும். நிலநடுக்கோட்டுக்கு நாம் எத்துணை அண்மையில் வாழ்கின்றோம் என்பதை அந்தக் கைம்முட்டியே அளந்து காட்டிவிடும். பின்னர்ப் பழங்கதைகள் பேசுங்கள். இடம்பெயர்ந்த கதையும் வரட்டும். அதை மறைக்க வேண்டியதில்லை. கூடாரத்தினுள்ளே, சிரிப்புக்கு நடுவே சொல்லப்படும்போது அக்கதையின் பாரம் சற்றுக் குறைவதை நாம் கண்டிருக்கின்றோம்.

விடிந்ததும் ஒரே ஒரு வேலையை மட்டும் நீங்கள் செய்யாதீர்கள். முளைகளைப் பிடுங்கிக் கயிற்றை அவிழ்க்கும் வேலையைப் பிள்ளைகளின் கையில் விட்டுவிடுங்கள். தாமே கட்டி, தாமே விரும்பிய வேளையில் அவிழ்த்த கூடாரம் ஒன்றாவது எமது பிள்ளைகள் ஒவ்வொருவரின் நினைவிலும் இருத்தல் வேண்டும்.